குடும்ப சமாதானத்திற்காக

31 ஜூலை 1999, சனி

ஆடிக்காற்று. துணி காயப்போட்டால் கிளிப்போடு சேர்த்துக் கொண்டுபோகிறது. ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர், காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. இரண்டு டிரம், ஆறு குடம், அண்டா, கடைசியில் குக்கர்கூட. இடுப்பு விட்டுப்போயிற்று.

செய்ய வேண்டியவை:
ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு 42.
இவருக்கு இருமல் மருந்து.
மாவு அரைக்க.
பெ.ஐ.ச. ஆண்டறிக்கை (பெண்கள் ஐக்கிய சங்கம் என்று முழுசாக எழுதினால் ஒரு வரி போய்விடுகிறது).

பதினோரு மணிக்குப் பாஸ்டரம்மா வந்தார்கள். செப்டம்பரில் பெண்கள் ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒரு நாள் ஆராதனை முழுக்க நாங்கள் நடத்துவோம், பிரசங்கம் உட்பட. இந்தத் தரம் செய்தி நான் கொடுக்க வேண்டுமாம். தலைப்பும் கையோடு வந்தது: கிறிஸ்தவப் பெண்மை, சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி.

“நீங்க பேசுனாத்தான் டீச்சர் எடுப்பா இருக்கும். சுகிர்தா அடக்கத்துல நீங்க பேசுனதை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காக.”

சரி என்றேன். எதற்கும் சரி என்கிற வாய் இது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று. “ஆல்பர்ட் தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சு. குஜிலியம்பாறைப் பக்கம், ஒரு உபதேசியார் மக. எட்டாந்தேதியிலருந்து மூணு ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறாக.”

சுகிர்தாவின் வீட்டுக்காரர்தான் ஆல்பர்ட். வெங்காய மண்டி. பாடகர் குழுவில் கனத்த குரல். இவரோடு சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். சுகிர்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இறந்து ஒரு வருஷம் நாலு மாசம் ஆகிறது. வழுக்கி விழுந்து என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நானும்.

நமக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது என்று பேசுவார்கள். கல்யாணத் தேதியை மட்டும் சரியாக ஆவணியில் வைத்திருக்கிறார்கள், செப்டம்பர் 1.

கட்டுரை நோட்டு பத்துதான் திருத்த முடிந்தது.

2 ஆகஸ்ட், திங்கள்

வெயில். காற்று தோல்ஷாப் பக்கமிருந்து, தோல் பதனிடுகிற நாற்றம். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம்.

ஐந்தாவது பீரியட். போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு கனைப்பு. சின்னதாக, தொண்டையைச் சரிசெய்துகொள்கிற மாதிரி. திரும்பினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் குனிந்து எழுதுகின்றன.

“யாருடி அது?”

“யாருமில்ல டீச்சர்.”

பேசப்போகிறவர்கள் கனைத்துக்கொள்வார்கள். சுகிர்தா கனைப்பாள், பேசமாட்டாள். நாம் திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவாள். இந்த வருஷம் இது நாலாவது தடவை. ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில். ஒரு தடவை வீட்டில், பட்டப்பகலில், நான் மட்டும் இருக்கும்போது. பிரமை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் வகுப்பு அமைதிக்குப் பேர்போனது. உள்ளே நுழைந்ததும் நாற்பத்திரண்டு விரல் நாற்பத்திரண்டு வாய்மேல் போய்விடும். ஹெட்மிஸ்ட்ரஸ் என் வகுப்பைக் காட்டித்தான் மற்ற டீச்சர்களைத் திட்டுவார். இருபத்திரண்டு வருஷப் பெருமை அது. இன்றைக்கு அந்த விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

செய்திக்குக் குறிப்பு:
1. வெளி அலங்காரம், உள் அலங்காரம். (நகை, பின்னல். சிரிக்க ஒரு உதாரணம்.)
2. சாந்தம் என்றால் என்ன.
3. அமைதல் என்றால் பேசாமல் இருப்பதா?

மூன்றுக்குப் பிறகு பேனா ஓடவில்லை. நான் போட்ட கேள்விக்குறியை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து, “குணா, மோர் இருக்கா?” என்றதும் எழுந்து போனேன்.

4 ஆகஸ்ட், புதன்

மூன்றரைக்கு சங்கம். பத்தொன்பது பேர். சுண்டல், டீ.

ஜெபப் பெட்டி திறந்தேன். பிஸ்கட் டப்பா, மூடியில் கத்தியால் கீறிய துவாரம். யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். செயலாளர் பிரித்து, சபைக்கு ஏற்ற மாதிரி வார்த்தையை ஒழுங்குபண்ணி வாசிப்பார். பிறகு எல்லாரும் முழங்கால். ஜெபித்த சீட்டுகளைக் கிழித்து டீ போடுகிற அடுப்பிலேயே போட்டுவிடுவது வழக்கம், யார் குடும்பமும் சந்தி சிரிக்கக் கூடாது என்று. பதினோரு வருஷமாக நான்தான் செயலாளர். இந்தக் கையால் எவ்வளவு ஒழுங்குபண்ணியிருக்கிறேன்.

புருஷன் குடிக்கிறார் – கணவரின் இரட்சிப்பு.
மாமியார் சோறு போடவில்லை – குடும்ப ஐக்கியம்.
பிள்ளை இல்லை – கர்ப்பத்தின் கனி.
மகள் யாருடனோ பேசுகிறாள் – வாலிபப் பிள்ளைகளின் பாதுகாப்பு.
அடிக்கிறார் – குடும்ப சமாதானம்.

எழுதிவிடுகிறேன். யாரும் பார்க்கப் போவதில்லை. இதுவரை இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

போன வருஷம் மார்ச், ஒரு புதன்கிழமை. பெட்டியில் மூன்று சீட்டு. மூன்றாவது, பால் கணக்கு எழுதுகிற சின்ன நோட்டில் கிழித்தது. அதை எரித்துவிட்டேன். ஆனால் ஒரு எழுத்து விடாமல் எனக்குத் தெரியும்.

“அக்கா, நேத்து என் தலையப் பிடிச்சு பாத்ரூம் சுவத்துல மோதிட்டாரு. இடது காது கேக்கல. இதை அப்படியே வாசிங்க. என் பேரையும் வாசிங்க. எல்லாரும் கேக்கணும். சுகிர்தா.”

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசித்தது: “ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்திற்காக.”

கெட்ட எண்ணம் இல்லை. அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். பின்னாடி அவளே வருத்தப்படுவாள், ஆத்திரத்தில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கனைத்தாள். எல்லாரும் திரும்பினார்கள். நான் சிரித்து, கண்ணாலேயே, வேண்டாம் என்றேன். வகுப்பில் செய்வது போல. தலையை ஆட்டிக்கொண்டாள். எல்லாரும் ஆமென் என்றோம்.

பன்னிரண்டாம் நாள் பாத்ரூமில் விழுந்தாள்.

அடக்கத்தில் நான் பேசினேன். சாந்தமும் அமைதலும், ஒரு நாளும் வாய் திறந்து குறை சொல்லாதவள் என்று. ஜனங்கள் அழுதார்கள்.

இன்றைக்குச் சீட்டு இரண்டு. ஒன்று தேர்வுக்கு, ஒன்று மூட்டுவலிக்கு. மாற்ற வேண்டியதில்லை.

8 ஆகஸ்ட், ஞாயிறு

இட்லி, தேங்காய்ச் சட்னி. இவர் வெள்ளைச் சட்டையில் கறை, இன்னொன்று இஸ்திரி போட்டதில் கோவிலுக்குத் தாமதம். உட்கார இடம் இருந்தது அந்தப் பெஞ்சில் மட்டும்தான்.

பெண்கள் பக்கம், மூன்றாவது. ஆல்பர்ட் கொடுத்தது. தேக்கு. பித்தளைத் தகடு: “சாந்தமும் அமைதலுமாய் வாழ்ந்த சுகிர்தாவின் நினைவாக.” வாசகம் என்னுடையது. கேட்டார், எழுதிக்கொடுத்தேன். முதுகில் அந்தத் தகடு உறுத்தாமல் உட்கார முடியாது, யார் அடித்தார்களோ, விளிம்பைத் தேய்க்கவே இல்லை.

பிரசங்கத்துக்கு முன் ஓலை. பாஸ்டர் ஐயா கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். இன்ன சபை ஆல்பர்ட், மனைவியை இழந்தவர். இன்ன சபை எப்சிபா, கன்னிகை. இவர்கள் விவாகத்துக்குத் தடை உண்டென்று யாராவது அறிந்தால் தெரிவிக்க வேண்டும். இது முதலாம் தரம்.

வாசித்துவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். வழக்கம்தான். யாரும் அந்த மூச்சில் ஒன்றும் பேசுவதில்லை. குழந்தைகள் அழும், மின்விசிறி கிறீச்சிடும், அவ்வளவுதான்.

என் இடது பக்கம் காலி. அங்கிருந்து கனைப்பு.

நான் திரும்பவில்லை. அடுத்த பாட்டு எண் சொன்னார்கள். ஆல்பர்ட்டின் குரல் மற்ற எல்லாக் குரலையும் மூடிக்கொண்டு போனது.

10 ஆகஸ்ட், செவ்வாய்

வானம் மூடுகிறது, பெய்யவில்லை. இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது. சீட்டில் இருந்தது, நான் வாசித்தது, எல்லாம்.

ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“அந்தச் சீட்டு இருக்கா?”

“எரிச்சிட்டேன்.”

“அப்ப என்னத்தக் குணா சொல்லுவ? போயிட்டவ எழுதினா, நான் எரிச்சேன்னா?”

“அந்த வீட்டுக்கு இன்னொரு பொண்ணு போகப் போகுதே.”

“அவுங்க விசாரிக்காமயா குடுப்பாங்க.” பிறகு, தட்டை எடுத்துக்கொண்டே: “கமிட்டியில நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.”

கெட்டவர் இல்லை இவர். சத்தம் போட்டதில்லை, கை ஓங்கியதில்லை. ஊரில் ஒரு சண்டை என்றால் வேறு தெருவழியாகப் போகிறவர். அதே குணத்துக்காகத்தான் இவரைக் கட்டினேன். இன்றைக்கு அதே குணத்தின்மேல் கோபம் கோபமாக வந்தது.

12 ஆகஸ்ட், வியாழன்

பள்ளி விட்டு வந்தால் வாசலில் ஆல்பர்ட்டின் ஸ்கூட்டர். உள்ளே அவர், நாற்காலி நுனியில், கையில் கல்யாணப் பத்திரிகை. பையில் சின்ன வெங்காயம், நாலு கிலோ இருக்கும். இவர் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார், சர்க்கரை போட மறந்து.

மரியாதையான மனுஷன். பெண்களைப் பார்த்து எழுந்து நிற்பார்.

“அக்கா, நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும். சுகிர்தா இருந்தா ஒங்களைத்தான் கூப்புட்டிருப்பா.”

“ம்.”

“ஒரு நாளு எதுத்துப் பேசுனதில்ல அவ. அடக்கத்துல நீங்க சொன்னீங்களே, அது அம்புட்டும் சத்தியம்.” காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். முகம் மாறவில்லை, சர்க்கரை கேட்கவுமில்லை. “ஒங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவா. ஏதாச்சும் சொல்லியிருக்காளாக்கா? கொறையா?”

கண்ணைப் பார்த்துக் கேட்டார். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

“இல்லையே தம்பி” என்றேன்.

பதில் அவ்வளவு சுலபமாக வந்தது. உதட்டில் தயாராக இருந்த மாதிரி. அவர் போன பிறகு பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு. எங்கள் வீட்டுச் சுவர், ஒன்றும் இல்லை அதில். இருந்தாலும் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று.

வெங்காயத்தை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

எட்டு மணிக்குப் பள்ளியில் கொடி. மிட்டாய், அணிவகுப்பு, ஒரு பிள்ளை வெயிலில் மயக்கம். அங்கிருந்து நேராகக் கோவில்.

இரண்டாம் தரம். நின்றபடியே கேட்டேன், பின்னால் தூணோரம், அந்தப் பெஞ்சில் உட்காராமல். ஐயா வாசித்து முடித்ததும் அந்த மூச்சு நேரம். நான் எண்ணினேன். ஆறு வினாடி. ஆறு வினாடியில் ஒரு சீட்டை முழுசாகவே வாசித்துவிடலாம்.

வாசல் குழாயடியில் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. “எளந்தாரி மனுசன், எத்தனை நாளைக்கு ஓட்டல்ல சாப்புடுவாரு.” “மொதல்ல இருந்ததும் தங்கமான பொண்ணு. வாயே தெறக்காது.”

செய்திக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். சாந்தமுள்ளவர் என்று ஆண்டவரைத்தான் சொல்கிறோம். அவர் கோவிலில் மேசையைக் கவிழ்த்தார். வழியோரத்தில் கத்திய குருடனை எல்லாரும் அடக்கினார்கள், அவன் இன்னும் சத்தமாகக் கத்தினான், அவர் நின்றார். பேசாதே என்று சொன்னவர்கள் பக்கம் அவர் நின்றதாக எங்கேயும் ஞாபகம் வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. இதை எழுதியதும் பயமாக இருந்தது. தாளைக் கிழிக்கவில்லை.

அமைதல் என்று நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு எதையோ. எனக்கு வசதியான ஒன்றை.

18 ஆகஸ்ட், புதன்

சங்கத்துக்குப் போகவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. சி.எல். போட்டுவிட்டு ஒன்பது மணிப் பஸ் பிடித்தேன், குஜிலியம்பாறைக்கு. இவரிடம் கல்வி அலுவலகம் என்று பொய்.

வழி முழுக்கக் காய்ந்த கடலைக்கொல்லை. மழைக்குக் காத்துக் கிடக்கிறது பூமி. பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் கனைப்பு. திரும்பினேன். ஒரு கிழவர், கோழிக்கூடை. அவராகவே இருக்கட்டும்.

எப்சிபா பால்வாடியில் வேலை. விசாரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. முக்கில் திரும்பும்போதே குரல் கேட்டது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற குரல். அம்மாடி, என்ன தொண்டை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்.

முப்பத்தொரு வயது. கறுப்பு, நல்ல உயரம், சிரித்தால் முகம் முழுக்கப் பல். திண்டுக்கல் சபையிலிருந்து டீச்சர் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்ததும் குரலைக் கீழே இறக்கினாள். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, கஷ்டப்பட்டு.

“மன்னிச்சுக்கோங்க டீச்சர், எனக்குத் தொண்டை பெரிசு. கொறைச்சுக்கிட்டு இருக்கேன்.”

“எதுக்கு?”

“மொத இருந்தவுங்களுக்கு வாய் அதிகமாமில்ல. அதுலதான் வீட்டுல எந்நேரமும் சண்டையாம். ஆத்திரத்துல ஓடிப்போயித்தான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்களாம். அவரே அப்பாகிட்ட சொல்லி அழுதாரு. நான் அடக்கமா இருந்துக்கிருவேன் டீச்சர். அப்பா சொல்லியிருக்காங்க, தினம் காலையில ஒரு மணி நேரம் பேசாம இருந்து பழகுன்னு. மூணு வாரமாப் பழகுறேன்.”

எங்களிடம் வாய் திறக்காதவள், இவர்களிடம் வாயாடி. செத்தவளை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். வாயாடியாக இருந்தால் அடி வாங்கினது நியாயம், வாயில்லாதவளாக இருந்தால் அடியே கிடையாது.

சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் அப்பா, அந்த ஊர்ச் சபையை நடத்துகிற உபதேசியார், வந்துவிட்டார். குச்சியும் வேட்டியுமாக, மெலிந்த மனிதர். எனக்கு ஒரு நாற்காலி போட்டார். ஜெபம் பண்ணிட்டுப் போங்க டீச்சர் என்றார். மகள் கண்ணை மூடிக் கைகுவித்து நின்றாள்.

கண்ணை மூடினேன். என் வாயிலிருந்து வந்தது: “ஆண்டவரே, இந்தச் சகோதரியின் குடும்ப சமாதானத்திற்காக.”

அவர்கள் ஆமென் என்றார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

20 ஆகஸ்ட், வெள்ளி

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை. பாடத்தில் தப்பு, பிள்ளைகள் திருத்தின.

உபதேசியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் வார்த்தை தானாகவே ஒழுங்காகிவிடுகிறது. “சிற்சில கசப்புகள் இருந்ததாகக் கேள்வி.” யார் எழுதிய வரி இது? நான்தான். கிழித்துப் போட்டேன். எனக்கு இனி நல்ல தமிழ் வேண்டாம்.

21 ஆகஸ்ட், சனி

தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வரிசை, ஒன்றரை மணி நேரம்.

குஜிலியம்பாறை போனதை இவரிடம் சொன்னேன். நாளைக்கு எழுந்து நிற்கப் போகிறேன் என்றும்.

“சபையில பொம்பளை எந்திரிச்சுப் பேசுறதா, அதுவும் ஓலைக்கு?”

“தடை இருந்தா சொல்லுன்னு கேக்குறாங்கல்ல.”

“அது சும்மா கேக்குறது குணா. கேக்கணும்னு கேக்குறது.”

“நான் சும்மா இருந்துதான் ஒருத்தி போனா.”

“நாளைக்கு ஒடம்பு சரியில்லைன்னு வீட்டுல இருந்துக்க. நானும் இருந்துக்கிறேன்” என்றார். கெஞ்சுகிற குரல். பாவமாக இருந்தது.

22 ஆகஸ்ட், ஞாயிறு

முடிந்த வரை நடந்தது நடந்தபடி.

மூன்றாவது பெஞ்ச். வேண்டுமென்றே அங்கேதான் உட்கார்ந்தேன். இவர் ஆண்கள் பக்கம், நாலு வரிசை பின்னால். மூன்றாம் தரம் வாசித்தார்கள். தடை அறிந்தவர் தெரிவிக்க வேண்டும். மூச்சு நேரம்.

கனைப்பு கேட்டது. இடது பக்கம் பார்த்தேன், யாரும் இல்லை. கனைத்தது நான்தான். அதற்குள் எழுந்து நின்றிருந்தேன்.

ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ன டீச்சர், மயக்கமா வருதா? யாராச்சும் தண்ணி குடுங்க.”

பொம்பளை எழுந்தால் மயக்கம்தான் என்று எப்படி அவ்வளவு சீக்கிரம் தோன்றியது அவருக்கு. பாஸ்டரம்மா முன்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ ஒரு டம்ளரை நீட்டினார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

“ஐயா, சுகிர்தா ஒரு ஜெபச் சீட்டு எழுதிக் குடுத்தா. நான் அதை வாசிக்கலை. மாத்தி வாசிச்சேன். இப்ப வாசிக்கிறேன்.”

வாசித்தேன். கையில் சீட்டு இல்லை, தண்ணீர் டம்ளர்தான் இருந்தது. அவள் எழுதினதை எழுதினபடி, பேரோடு. தலை, சுவர், இடது காது, எல்லாம். பிறகு: “பன்னெண்டு நாள்ல செத்துப்போனா. அந்தச் சீட்டை எரிச்சது நான். அடக்கத்துல பொய் சொன்னது நான். இந்தத் தகட்டுல எழுதினதும் நான்.”

ஆல்பர்ட் எழுந்தார். கோபம் காட்டவில்லை. “அக்காவுக்கு முடியலை. வீட்டுல ரெண்டு நாளா காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்.”

ஐயா இவரைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் டீச்சரைக் கூட்டிட்டுப் போங்களேன்.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை. வந்து கையைப் பிடித்திருந்தால் நான் போயிருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன். வரவில்லை. பயத்தால் வரவில்லையோ வேறு எதனாலோ, நான் கேட்கப் போவதில்லை. அதற்காக ஆயுசுக்கும் நன்றி.

பிறகு உட்கார்ந்தேன். பாட்டு எண் சொன்னார்கள். பாட்டை யாரும் சரியாக எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து ஐயா அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். தடை என்றால் முதல் மனைவி உயிரோடு இருக்க வேண்டும், அல்லது விலக்கப்பட்ட உறவாக இருக்க வேண்டும். “இது அந்த மாதிரி தடை இல்லீங்களே டீச்சர். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. மூணு தரம் வாசிச்சாச்சு.”

“அப்ப கல்யாணம் நடக்குமா?”

“பொண்ணு வேணாம்னாத்தான் நிக்கும்.”

24 ஆகஸ்ட், செவ்வாய்

தூறல். மண்வாசனைகூட வராத தூறல்.

வரிசையாக:
செயலாளர் பதவி விலகல் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.
பெண்கள் ஞாயிறு செய்தி வேறு ஆளுக்கு.
பால்காரம்மா, “என்ன டீச்சர், கோயில்ல சத்தமாமே?”
கமிட்டியிலிருந்து இவர் விலகிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, சட்டைப் பையில் நகல் இருந்தது.
நேற்று மார்க்கெட்டில் ஆல்பர்ட் இவரைப் பார்த்து வணக்கம் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு இவர் வாசல் கதவைத் தாழ் போட்டார்.

உள்ளதைச் சொல்லிவிட்டால் கனைப்பு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இன்று காலை சமையலறையில், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கும்போது. “சொல்லு சுகிர்தா” என்றேன். வாய்விட்டு. சொல்ல அவளுக்கு இனி என்ன இருக்கிறது. கேட்க வேண்டிய அன்றைக்கு நான் கேட்கவில்லை. மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அதை அவள்தான் கொடுக்க வேண்டும், அவள் கொடுக்க முடியாத இடத்தில் இருக்கிறாள். இதோடுதான் இனி குடித்தனம்.

26 ஆகஸ்ட், வியாழன்

உபதேசியார் பள்ளிக்கே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்று:

“என் மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே டீச்சர். முப்பத்தொரு வயசு. இனி யாரு வருவா?”

“நான் சொன்னது பொய்யின்னு நெனைக்கிறீங்களாய்யா?”

குச்சியைத் தரையில் குத்திக்கொண்டே நின்றார். “பொய்யின்னு சொல்லலை. பொறுத்துப் போனா எல்லாம் சரியாகும். என் பொண்டாட்டி பொறுக்கலியா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள். எப்சிபா என்ன நினைக்கிறாள் என்று அவரிடம் கேட்கவே இல்லை நான். அவரும் மகளிடம் கேட்டிருக்க மாட்டார்.

28 ஆகஸ்ட், சனி

விடிகாலை நல்ல மழை. முதல் மழை. பக்கெட்டெல்லாம் வெளியே.

பத்து மணிக்கு வாசலில் சத்தம். “டீச்சர் வீடு இதுதானுங்களா?” தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். எப்சிபா. கையில் ஒரு ரெக்சின் பை, சேலை முழங்கால்வரை நனைந்து, கன்னத்தில் ஐந்து விரல்.

இவர்தான் கதவைத் திறந்தார். பையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். “உள்ள வாம்மா” என்றார். குடையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

கோவிலில் நான் வாசித்தது காதுக்கு வந்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், வியாழன் சாயங்காலம். ரெண்டு நாள் வீட்டில் நடந்ததை நின்ற நிலையிலேயே சொன்னாள். துண்டு கொடுத்தேன், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். தோசை வார்த்துப் போட்டேன், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அப்பா அடித்தது, அம்மா மூலையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணியது, ஆல்பர்ட் ஆள் விட்டுப் பேசியது, பால்வாடி வேலையை விடமாட்டேன் என்று இவள் சொன்னது. இத்தனை வாரம் அடக்கி வைத்ததெல்லாம் வருகிறது. ஒளிக்கிற குரல் இல்லை அது. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த அம்மா எடுக்காமல் நிற்கிறாள். எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். இந்த நாலு தெருவும் எங்கள் சபைதான், மத்தியானத்துக்குள் ஆல்பர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

செத்த மெதுவாப் பேசும்மா என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இதை எழுதும்போதும் பேசிக்கொண்டிருக்கிறாள்.